40 வீட்டுக்கு உணவுப் பை: பங்குக் குழு வேலை செய்யும் விதம்

சிங்கப்பூரில் வசதி குறைந்த 40 வீடுகளுக்கு மாதம் ஒருமுறை உணவுப் பை கொண்டுபோகிற வேலையில் பை கட்டுவதுதான் ஆகச் சுலபம். சனிக்கிழமை காலை எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் 12 பேர் வரிசையாக நின்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே பெரிய வேலையாக நினைத்து, ஆள் சேர்த்து, டி-சட்டை அடித்து, படம் எடுத்து அதிலேயே களைத்துப்போகிறார்கள். கஷ்டம் இருப்பது பட்டியலிலும் கதவடியிலும்.

முதலில் பட்டியல். நேராக அரசாங்க வாடகை வீடுகள் உள்ள புளோக்குக்குள் போய்க் கதவு தட்டிப் பெயர் எழுத வேண்டாம். அந்த வட்டாரத்துக் குடும்ப சேவை நிலையத்திலும் முதியோருக்கான துடிப்பாக மூப்படைதல் நிலையத்திலும் கேளுங்கள். கத்தோலிக்கப் பங்கு என்றால் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிடமும் கேளுங்கள். கேட்காமல் போனால், ஒரே புளோக்கில் மூன்று அமைப்புகள் பை வைக்கும், சாலைக்கு அந்தப் பக்கத்து புளோக்குக்கு ஒன்றும் போகாது. தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு சமயத்தில் கட்டிலுக்கடியில் அரிசி குவிந்து வண்டு பிடிக்கும். ஏப்ரலில் அதே வீட்டில் உலை வைக்க அரிசி இருக்காது. அதனால் பண்டிகை மாதங்களில் பையைச் சிறிதாக்கிப் பேரங்காடிப் பற்றுச்சீட்டு கொடுப்பது நல்லது.

பட்டியலில் முழு அடையாள அட்டை எண்ணை எழுதாதீர்கள். சட்டம் கேட்டாலொழிய அதை வாங்கி வைக்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கையொப்பத் தாளில் கடைசி மூன்று இலக்கமும் எழுத்தும் போதும். அதைவிட முக்கியமான கட்டங்கள் வேறு: எத்தனை பேர், என்ன மொழி, சர்க்கரை நோய் உண்டா, பல் இருக்கிறதா, அடுப்பு இருக்கிறதா. ஓரறை வாடகை வீட்டில் முன்பின் தெரியாத இரண்டு ஒற்றையர்கள் சேர்ந்து குடியிருக்கலாம். ஒரு வீடு என்று ஒரு பை கொடுத்தால் எண்ணெய் யாருடையது என்று சண்டை வரும். அங்கே ஆளுக்கொரு சிறு பை.

மூத்தோர் பைக்கு நாங்கள் வைக்கும் அளவு: அரிசி 2.5 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், மீஹூன் (அரிசிச் சேமியா) 2 பாக்கெட், ஓட்ஸ் 1, மத்தி டின் 3, முட்டை 10, சர்க்கரை சேர்க்காத பால்மாவு. மொத்தம் ஆறு கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வோம். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அரிசி 5 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், ஆட்டா மாவு, பருப்பு. குழந்தைப் பால்மாவும் டயப்பரும் பொதுவாக வாங்க வேண்டாம். வகையும் அளவும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், தவறான அளவு வீண். த்ரீ-இன்-ஒன் காப்பி, மைலோ பாக்கெட்டுகளைத்தான் நன்கொடையாக அதிகம் தருவார்கள். சர்க்கரைக்காரர் வீட்டுப் பையில் அவை போகக் கூடாது.

மத்தி டின்னை வாங்கும்போது மூடியில் இழுக்கும் வளையம் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். வளையம் இல்லாத டின் பல வீடுகளில் திறக்கப்படாமலே அலமாரியில் நிற்கும். டின் திறப்பான் இருக்காது, இருந்தாலும் வாதம் வந்த விரலில் அழுத்தம் இருக்காது.

எல்லாப் பைக்கும் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரை உள்ள பொருளே வாங்குங்கள். முஸ்லிம் வீட்டுக்குத் தனிப் பை என்று பிரித்தால் நெரிசலில் கட்டாயம் மாறிப்போகும். மாட்டிறைச்சிச் சுவை நூடுல்ஸ், டின் மாட்டிறைச்சி இரண்டையும் ஒதுக்கிவிட்டால் இந்து வீடுகளிலும் சங்கடம் இல்லை. சமைத்த உணவு எங்கள் குழுவில் கிடையாது.

நன்கொடைப் பொருளுக்கு ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு பேனா. தேதியைப் பெரிதாக எழுதி, முந்தித் தீர்வதை முன்னால் வைக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய நல்ல சமாரியர் உணவு நன்கொடைச் சட்டம் கொடுப்பவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. பெயர் நற்செய்தியிலிருந்து வந்தாலும் பாதுகாப்பு சும்மா கிடைக்காது. கொடுக்கும்போது உணவு கெடாமல் இருக்க வேண்டும், எப்படி வைப்பது, எத்தனை நாளைக்குள் சாப்பிடுவது என்று பெறுபவரிடம் சொல்லியிருக்க வேண்டும், உணவுப் பாதுகாப்பு விதிகளையும் மீறியிருக்கக் கூடாது.

கதவடிக்கு இரண்டு பேராகப் போங்கள். 1833இல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் பழைய வழக்கம் இது. ஒருவர் பேச, மற்றவர் பார்க்கலாம். பையைக் கேட்டில் மாட்டிவிட்டு வராதீர்கள், உள்ளே கூப்பிட்டால் இரண்டு நிமிடம் உட்காருங்கள். போன மாதப் பை முடிச்சு அவிழாமல் மூலையில் இருக்கிறதா? மருந்து தீரவில்லையா? பிரிக்காத கடித உறை எத்தனை? முடிச்சு அவிழாத பை இருந்தால் ஆள் சமைப்பதை நிறுத்திவிட்டார் என்று பொருள். அன்றைக்கே நிலையத்து ஊழியரிடம் சொல்லுங்கள். பையில் துண்டுப்பிரசுரமோ ஜெபமாலையோ வேண்டாம். ஜெபிக்கச் சொல்லி அவர்களே கேட்டால் ஜெபிக்கலாம். பைமேல் பங்கின் பெயரும் தேவையில்லை, மின்தூக்கியில் அக்கம்பக்கத்தார் படிப்பார்கள்.

கையில் பணம் கொடுப்பதில்லை. மின்கட்டணம் பாக்கி என்றால் பில்லை வாங்கி ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் கட்டிவிட்டு ரசீதைக் கொடுத்துவிடுவோம். முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் மீட்டர் வைத்த வீட்டில், போடும் தொகையில் ஒரு பகுதி பழைய பாக்கிக்குப் போய்விடும். 20 வெள்ளி போட்டோம், ஏன் சீக்கிரம் தீர்ந்தது என்று ஐயா கேட்டால் காரணம் அதுதான்.

பிரிக்காத உறைகளில் பெரும்பாலும் சமூக சேவை அலுவலகத்துக் கடிதம் இருக்கும். காம்கேர் என்ற அரசாங்க நிதியுதவிக்கு மனுப் போட 1800-222-0000 எண்ணை அழைக்கலாம், அல்லது அருகிலுள்ள அலுவலகத்துக்குப் போகலாம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பதிவு, மருத்துவ விடுப்புச் சான்று, கட்டண பில்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். எல்லாத் தாளும் சேர்ந்த பிறகு முடிவு தெரியப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். ஒரு தாள் குறைகிறது என்று வரும் ஆங்கிலக் கடிதம் படிக்கப்படாமல் கிடந்தால் மனு அங்கேயே நின்றுவிடும். தமிழ் தெரிந்த தொண்டூழியரின் பெரிய பயன் இங்கேதான், அரிசி தூக்குவதில் இல்லை. அந்த ஆறு வார இடைவெளியைத்தான் பங்கின் பணம் நிரப்ப வேண்டும்.

பணக் கணக்கு எளிது. பை 35 வெள்ளி என்றால் மாதம் 1,400. ஆறு மாதத் தொகை கையில் இல்லாமல் தொடங்காதீர்கள், மூன்றாம் மாதம் நிறுத்துவதைவிட 20 வீட்டோடு தொடங்குவது மேல். கொடுப்பவர்களிடம் வரிக்கழிவு பற்றி வாய்தவறிச் சொல்லிவிட வேண்டாம். 250 விழுக்காட்டுக் கழிவு, பொது நற்பணி அமைப்பு என்ற தகுதி பெற்றவற்றுக்குத்தான். ஞாயிறு காணிக்கைத் தட்டுக்கு அது கிடையாது.

சுற்று முடிந்ததும் கலையாமல் காப்பிக்கடையில் உட்கார்ந்து பட்டியலைத் திருத்துங்கள். வீடு மாறியவர், மருத்துவமனையில் இருப்பவர், வேலை கிடைத்ததால் இனிப் பை வேண்டாம் என்றவர். திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டால் மீஹூன் வேண்டாம் என்றது ஏழாம் மாடியா எட்டாம் மாடியா என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.