ஏவுகணை வந்தால் எங்கே கூடுவது?

செங்கடல் வழி போகும் கப்பலில் சைன் ஆன் செய்ய (வேலைக்கு ஏற), நவி மும்பை பேலாப்பூரில் காத்திருக்கும் தூத்துக்குடிப் பையன்கள் டபுள் பேசிக் (அபாயப் பகுதிக்கான இரட்டை அடிப்படைச் சம்பளம்) பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நியாயம்தான். போர் அபாயப் பகுதி என்று ஒப்பந்தத்தில் இருந்தால், போக மறுக்கும் உரிமை உண்டா என்றும் கேளுங்கள். அதோடு, தாக்குதல் நடந்தால் எங்கே கூடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சோமாலியக் கொள்ளையர் காலத்தில் பழகியது சிட்டடல் என்ற பதுங்கிடம். எஞ்சின் ரூம் பக்கம் இறங்கி, உள்ளே தாழிட்டு, கடற்படை வரும்வரை இருப்பது. ஏவுகணைக்கும் வெடிமருந்து ஏற்றிய ஆளில்லாப் படகுக்கும் அந்த இடமே எமன். படகு நீர்மட்டத்தில் மோதும், வெள்ளம் கீழேதான் புகும். 2024 ஜூனில் டியூட்டர் கப்பலின் பின்பக்கம் அப்படித்தான் அடி விழுந்து எஞ்சின் ரூம் மூழ்கியது. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். ஆகவே கூடுமிடம் நீர்மட்டத்துக்கு மேலே, நடுவில், ஜன்னல் இல்லாத படிக்கட்டுப் பகுதியாக இருக்கட்டும். கீழே தேவைக்கு மேல் ஒருவர்கூட வேண்டாம்.

அதே ஆண்டு ஜனவரி 26 அன்று எளிதில் தீப்பற்றும் நாப்தா எண்ணெய் ஏற்றிய மார்லின் லுவாண்டா கப்பல் ஏவுகணை பட்டு எரிந்தது. கப்பலில் 22 இந்தியர்கள், ஒரு வங்கதேசத்தவர். வலப்பக்க லைஃப் போட் நாசம். தீயணைப்பு நுரை (ஃபோம்) தீர்ந்ததும் கடல்நீரைப் பீய்ச்சினார்கள். முதல் உதவி வரவே நாலரை மணி நேரம். பிறகு இந்தியக் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் விசாகப்பட்டினத்தின் தீயணைப்புக் குழுவும் ஏறிச் சேர்ந்து அணைத்தது. அடுத்த ஏவுகணை எப்போது வரும் என்று தெரியாமலே குழாயைப் பிடித்து நின்ற அந்த மனிதர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

ஒரு பக்க போட் போனால் மிச்சம் மறுபக்க போட்டும், பெட்டிக்குள் மடித்து வைத்த ஊதும் மிதவையான ராஃப்டும்தான். பலரும் சரிபார்க்காமல் விடுவது ராஃப்டைக் கப்பலோடு இணைக்கும் பெயிண்டர் கயிற்றை. கப்பல் மூழ்கி 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்துக்குள் எச்ஆர்யூ (நீரழுத்தத்தில் தானே இயங்கும் விடுவிப்புக் கருவி) ராஃப்ட் பெட்டியின் பிணைப்பை அறுத்துவிடும். ராஃப்ட் பெட்டி மிதந்து மேலே போகும், கயிறு இழுபட்டு வாயு திறந்து ராஃப்ட் ஊதும், அதன்பின் வீக் லிங்க் (இழுவிசையில் அறுந்துபோகும் பலவீனமான இணைப்பு) அறும். கயிற்றை வீக் லிங்கில் மாட்டாமல் நேரே டெக்கில் கட்டியிருந்தால் கப்பலோடு ராஃப்டும் உள்ளே போகும். எங்குமே கட்டாவிட்டால் ஊதாமலே மிதந்து போய்விடும். ஏறிய முதல் நாளே, பெட்டியிலிருந்து எச்ஆர்யூ வரை அந்தக் கயிற்றைக் கையால் தடவிப் பாருங்கள். எச்ஆர்யூவில் குறித்த காலாவதித் தேதியையும் படியுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் வகைக்கு இரண்டே ஆண்டு.

ராஃப்டில் தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான். முதல் 24 மணி நேரம் காயம்பட்டவருக்கும் நோயாளிக்கும் மட்டும் கொடுங்கள். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை ராஃப்டில் ஏறியவுடனே எல்லோரும் போட வேண்டும். ஒருவர் வாந்தி எடுத்தால் உடம்பில் இருக்கும் தண்ணீரும் போய்விடும்.