விரலைப் பின்தொடரும் கண்கள்

கண்களை இடமும் வலமும் அசைத்தால் பழைய துயரத்தின் வலி குறையும் என்று யாராவது சொன்னால், அதைத் தாயத்து, மந்திரிப்பு வகையோடு சேர்த்து ஒதுக்கிவிடுவது என் இயல்பு. மனவடுவுக்கு, அதாவது கொடிய அனுபவம் மனத்தில் விட்டுச்செல்லும் காயத்துக்கு, அளிக்கப்படும் ஈ.எம்.டி.ஆர். (Eye Movement Desensitization and Reprocessing) என்ற சிகிச்சையைப் பற்றியும் அந்தச் சந்தேகத்தோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். இப்போது சிகிச்சையின் மீது எனக்குச் சந்தேகமில்லை. அதற்குப் பெயர் வாங்கிக்கொடுத்த கண்ணசைவின் மீது மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

1987இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தம்மை உறுத்திய எண்ணங்கள் வலுவிழந்ததையும், அந்நேரத்தில் தம் கண்கள் வேகமாக இங்குமங்கும் ஓடியதையும் கவனித்ததாகக் கூறியிருக்கிறார். 1989இல் 22 பேரைக் கொண்ட தமது முதல் ஆய்வை வெளியிட்டார். பூங்காக் கதை சற்று அழகாகவே அமைந்துவிட்டது என்பது என் எண்ணம், அது இருக்கட்டும்.

சிகிச்சைக்கு எட்டுக் கட்டங்கள் உண்டு. கண்ணசைவு தொடங்குவது நான்காவதில்தான். அதற்கு முன்பே, வதைக்கும் நினைவின் மிக மோசமான காட்சி எது, அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'தவறு என்னுடையதுதான்' என்பது போன்ற நம்பிக்கை எது, உடலில் அது எங்கே இறுகுகிறது, பூஜ்யத்திலிருந்து 10 வரையிலான அளவில் வேதனை எவ்வளவு என்பனவெல்லாம் கேட்டறியப்படுகின்றன. பிறகு அந்தக் காட்சியை மனத்தில் நிறுத்தியபடி, சிகிச்சையாளரின் விரல் போகும் திசையில் சுமார் அரை நிமிடம் கண்களை ஓட்டவேண்டும். விரல் நின்றதும், என்ன தோன்றுகிறது என்று கேட்பார். சொன்னதைப் பற்றி விவாதிக்காமல் அதையே நினைத்துக்கொள்ளச் சொல்லி மீண்டும் தொடங்குவார். வேதனை அடங்கும்வரை இது தொடரும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, நடந்ததை விலாவாரியாக வாய்விட்டுச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்பதே. உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தபோது, மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையிலிருந்து (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சை) இது வேறுபடும் இடங்களாக, நிகழ்வை விரிவாக விவரிக்க வேண்டாததையும் வீட்டுப்பாடம் இல்லாததையும் குறிப்பிட்டது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு, காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சொன்னதையே மறுபடியும் ஓர் அந்நியரிடம் சொல்ல நேர்வது தனி வதை. சிகிச்சைக்கே வரத் தயங்குகிறவர்களில் சிலரை இந்த ஒரு வேறுபாடாவது வரவழைக்கும் என்று நம்புகிறேன்.

கண்ணசைவு உண்மையிலேயே தேவையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2001இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, அசைவு இல்லாமலும் இதே பலன் கிடைக்கிறது என்றது. 2013இல் வந்த இன்னொன்று, அசைவால் கூடுதல் பலன் இருக்கிறது என்றது. அந்தந்த நேரத்துக்கு வேண்டியதை மனத்தில் பிடித்துவைக்கும் செயல்நினைவுக்குக் கொள்ளளவு குறைவு; ஒரு பகுதியை விரல் பிடித்துக்கொள்வதால், காட்சி மங்கலாகவும் உணர்ச்சி மெலிந்தும் திரும்பப் பதிகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கங்களுள் ஒன்று. கையில் மாறிமாறித் தட்டுவதும் பயன்படுத்தப்படுவதால், கண்ணுக்கென்று தனி மகிமை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவேதான், திரையில் ஒரு புள்ளியை ஓடவிட்டு, பார்த்தால் போதும் என்று சொல்லும் இணையக் காணொளிகளை நான் ஏற்பதில்லை. நினைவு கிளறப்பட்டுத் தாங்கமுடியாமல் போனால் எப்படி நிறுத்துவது, மனத்தை எப்படி நிதானத்துக்குக் கொண்டுவருவது என்று கற்றுக்கொடுப்பதற்கென்றே இரண்டாவது கட்டம் இருக்கிறது. அந்தக் காணொளிகளில் இருப்பது விரலுக்குப் பதிலான புள்ளி மட்டும்தான். மற்ற ஏழு கட்டங்களும் இல்லை.