ரோட்டரி எஞ்சினை டைனோவில் அளப்பது

ரோட்டரி எஞ்சின் கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால், "டைனோவில் எவ்வளவு வந்தது?" என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடுகிறது. டைனோ என்பது பெரும்பாலும் காரின் சக்கரங்களை உருளை மேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் கருவி. பதிலாக ஒரே ஓர் எண் சொல்லப்படும். அத்தோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். எந்த வகை டைனோ, எந்தத் திருத்த முறை, எந்த கியர், ஓட்டம் தொடங்கும்போது ஆயில் எவ்வளவு சூட்டில் இருந்தது என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. இந்த எஞ்சின் மீது எனக்குப் பெரும் பற்று உண்டு. அதனாலேயே அந்த ஒற்றை எண் என்னை உறுத்துகிறது. பிஸ்டன் எஞ்சினுக்கென்று பழகிப்போன வழக்கங்களை அப்படியே ரோட்டரிக்கும் பொருத்தினால், சுழற்சி வேகத்துக்கேற்பத் திறன் மாறுவதைக் காட்டும் வளைகோடு தவறாகக் கிடைக்கும். கவனம் தப்பினால் எஞ்சினே போய்விடவும் கூடும்.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதன் சுழற்சிக் கணக்கில் இருக்கிறது. முக்கோண வடிவ ரோட்டர் ஒரு முழுச் சுற்றை முடிப்பதற்குள் நடுவிலுள்ள, திறனை வெளியே கொண்டுவரும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று சுற்றுகளை முடித்துவிடுகிறது. ரோட்டருக்கு மூன்று முகங்கள் இருப்பதாலும், ஒவ்வொரு முகமும் ரோட்டரின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை எரிவதாலும், ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரோட்டருக்கு ஓர் எரிப்பு என்று கணக்கு வருகிறது. நான்கு வீச்சு பிஸ்டன் எஞ்சினில் ஒரு சிலிண்டர் எரிய இரண்டு சுற்றுகள் வேண்டும். ஆகவே இரண்டு ரோட்டர் கொண்ட மாஸ்டாவின் 13பி எஞ்சின், எரிப்பின் எண்ணிக்கையில் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குச் சமம். ரோட்டருக்கு 654 கன சென்டிமீட்டர் வீதம் 1308 என்று எழுதப்படும் அதன் கொள்ளளவை, நான்கு வீச்சு எஞ்சினோடு வைத்துப் பார்க்கும்போது 2616 என்று எடுத்துக்கொள்வதே நியாயம். "1.3 லிட்டரில் இவ்வளவு குதிரைத்திறனா!" என்று வியப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், வியப்பு குறையாவிட்டாலும் சரியான இடத்துக்கு வந்து சேரும்.

டைனோ இயக்குபவர் முதலில் தடுமாறும் இடமும் இதுவே. சக்கரத்தின் வேகம் உருளையிலிருந்து கிடைத்துவிடும், எஞ்சினின் ஆர்.பி.எம். வேறு வழியில் கிடைத்தாக வேண்டும். வழக்கமாக ஒரு தூண்டல் கிளிப்பை ஸ்பார்க் பிளக் ஒயரில் மாட்டி, தீப்பொறித் துடிப்புகளை எண்ணுவார்கள். ரோட்டரியில் ஒவ்வொரு ரோட்டருக்கும் முதலில் பொறி விடும் லீடிங், சற்றுப் பின் விடும் ட்ரெயிலிங் என்று இரண்டு பிளக்குகள். மாஸ்டாவின் ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-7இன் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் இரண்டு ரோட்டர்களின் லீடிங் பிளக்குகளும் ஒரே காயிலிலிருந்து ஒன்றாகப் பொறி விடுகின்றன. அதனால் லீடிங் ஒயரில் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் ஓடும். ட்ரெயிலிங் ஒயரில் ஒரு சுற்றுக்கு ஒன்றுதான். டைனோவின் மென்பொருளோ நான்கு வீச்சு எஞ்சினை நினைத்துக்கொண்டு, இரண்டு சுற்றுக்கு ஒரு துடிப்பு என்று காத்திருக்கும். அந்த அமைப்பை மாற்றாமல் கிளிப்பை ட்ரெயிலிங் ஒயரில் மாட்டினால் ஆர்.பி.எம். இரு மடங்காகவும், லீடிங் ஒயரில் மாட்டினால் நான்கு மடங்காகவும் திரையில் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. உருளை டைனோவில் திறன் உருளையிலேயே அளக்கப்படுவதால் ஆர்.பி.எம். தவறினாலும் குதிரைத்திறன் எண் தவறுவதில்லை. அந்தத் திறனை ஆர்.பி.எம். கொண்டு வகுத்துக் கிடைக்கும் முறுக்கு விசைதான் பிழையாகிறது. 8000 ஆர்.பி.எம்.மில் 200 குதிரைத்திறன் தரும் எஞ்சினின் முறுக்கு விசை சுமார் 178 நியூட்டன் மீட்டர். சுழற்சி 16000 என்று பதிவானால் அதே தாளில் 89 என்று அச்சாகும். ரோட்டரிக்கு "டார்க்கே கிடையாது" (முறுக்கு விசையே கிடையாது) என்ற பேச்சுக்குச் சான்றாகக் காட்டப்படும் தாளை யாராவது நீட்டினால், நான் முதலில் பார்ப்பது வரைபடத்தின் கிடை அச்சிலுள்ள ஆர்.பி.எம். அளவைத்தான். குதிரைத்திறனையும், பவுண்டு அடியில் முறுக்கு விசையையும் ஒரே அளவுகோலில் வரைந்திருந்தால் இரண்டு கோடுகளும் 5252 ஆர்.பி.எம்.மில் வெட்டிக்கொள்ள வேண்டும். வேறெங்காவது வெட்டிக்கொண்டால், முறுக்கு விசைக்கும் ஆர்.பி.எம்.முக்கும் இடையிலான கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது.

அடுத்தது டைனோவின் வகை. நிலைம வகை டைனோவில் எடை தெரிந்த கனத்த உருளையைக் கார் எவ்வளவு விரைவாக முடுக்குகிறது என்பதிலிருந்து திறன் கணக்கிடப்படுகிறது. சுழல் மின்னோட்ட பிரேக் கொண்ட வகையில் எஞ்சின் மீது வேண்டிய சுமையை ஏற்றி, ஒரே சுழற்சியில் நிறுத்தியும் வைக்கலாம். இன்னொரு வகையில் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஹப்பிலேயே அளவுக் கருவியைப் பூட்டுகிறார்கள். டயர் வழுக்குமோ என்ற கவலை அங்கே இல்லை. இயற்கையாகக் காற்று இழுக்கும் எஞ்சினுக்கு நிலைம வகையே போதும் என்பது என் கருத்து. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ உள்ளவற்றுக்குப் போதாது. மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இன் இரட்டை டர்போ ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்வது. முதல் டர்போ 10 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்து, சுமார் 4500 ஆர்.பி.எம்.மில் இரண்டாவது சேரும்போது 8க்கு இறங்கி, மீண்டும் 10க்கு ஏறுவதுதான் ஆரோக்கியமான நடை. உருளை இலகுவாக இருந்து எஞ்சின் அந்த இடத்தை ஒரு நொடியில் தாண்டிவிட்டால் இந்தப் பள்ளத்தின் ஆழமும் அகலமும் சரியாகப் பதிவதில்லை. அதன்மேல் மென்பொருளில் கோட்டை வழுவழுப்பாக்கும் அளவையும் உயர்த்தி வைத்திருந்தால், பள்ளமே இல்லாத அழகான கோடு ஒன்று கையில் கிடைக்கும். அந்த அழகால் யாருக்கும் பயனில்லை.

கியரைப் பொறுத்தவரை, நேர் விகிதத்துக்கு (1:1) மிக அருகிலுள்ளதைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். ஆர்எக்ஸ்-7இன் ஐந்து கியர் பெட்டியில் அது நான்காவது. கீழ் கியரில் ஓட்டினால் சுழலும் பாகங்களை முடுக்குவதிலேயே திறனில் ஒரு பங்கு போய்விடுவதால் எண் குறைந்து வரும்.

திருத்தக் காரணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காற்று சூடானால் அடர்த்தி குறையும், திறனும் குறையும். அதை ஈடுசெய்து ஒரு பொது நிலைக்குக் கொண்டுவரத்தான் இந்தக் காரணி. எஸ்.ஏ.இ. ஜே1349 முறை 25 டிகிரி செல்சியஸையும் 99 கிலோபாஸ்கல் உலர் காற்றழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. அழுத்தம் அதே அளவில் இருந்து வெப்பம் மட்டும் 35 டிகிரியாக இருந்தால், அளந்த எண்ணை ஏறத்தாழ 2 விழுக்காடு உயர்த்திக் காட்டும். "எஸ்டிடி" என்று தாளின் மூலையில் குறிக்கப்படும் பழைய முறை குளிர்ந்த, அடர்ந்த காற்றை அடிப்படையாகக் கொள்வதால் அதே ஓட்டத்துக்கு மேலும் 4 விழுக்காடு அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். 200 என்பது ஒரு சொடுக்கில் 208 ஆகிவிடும். காரில் ஒரு திருகுகூட மாறியிருக்காது. டர்போ எஞ்சினுக்கோ இந்தக் காரணிகள் சரியாகப் பொருந்துவதில்லை, ஏனென்றால் உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை வெளிக்காற்றைக் காட்டிலும் பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்) கட்டுப்பாடே பெரிதும் தீர்மானிக்கிறது. அப்படிப்பட்ட கார்களுக்குத் திருத்தாத எண்ணையும் பக்கத்திலேயே அச்சிட்டு வாங்கிக்கொள்வது என் வழக்கம்.

இவ்வளவையும் சரிபார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது: கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பது. தேய்ந்த ரோட்டரி எஞ்சினை டைனோவில் ஏற்றுவதால் தெரியவருவது அது தேய்ந்திருக்கிறது என்பது மட்டுமே. பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண அழுத்தமானி இங்கே ஏமாற்றிவிடும். உள்ளிருக்கும் ஒருவழி வால்வு காரணமாக மூன்று முகங்களில் எது சிறந்ததோ அதன் அழுத்தத்தையே அது பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த வால்வைத் திறந்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் முள் மூன்று மூன்றாகத் துள்ளுவதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்று துள்ளலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு உயர்ந்து ஒன்று தாழ்ந்தால் அந்த முகத்தின் பக்கவாட்டு சீலில் (வாயு கசியாமல் அடைக்கும் பட்டையில்) பழுது என்று சந்தேகிக்கலாம். அதற்கென்றே உள்ள மின்னணுக் கருவி மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டி, 250 ஆர்.பி.எம். என்ற பொது வேகத்துக்கு மாற்றியும் தரும். மாஸ்டாவின் அடுத்த ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-8க்குக் குறைந்தபட்ச அளவு 680 கிலோபாஸ்கல். அதற்குக் கீழே இருக்கும் எஞ்சினை முழு த்ராட்டிலில் 9000 வரை விரட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஓட்டத்தின்போது பெரிய எதிரி வெப்பம். ரோட்டரின் உட்புறத்தை எஞ்சின் ஆயில்தான் குளிர்விக்கிறது; அதனால் இந்த எஞ்சினில் ஆயில் கூலருக்கு ரேடியேட்டருக்கு நிகரான வேலை இருக்கிறது. காருக்கு முன்னால் நடுவில் ஒரே ஒரு மின்விசிறியை வைத்துவிட்டு ஓட்டுவது பல இடங்களில் வழக்கம். ஆயில் கூலர்கள் பம்பரின் ஓரங்களில் இருக்கும் கார்களுக்கு அந்தக் காற்று போய்ச் சேர்வதே இல்லை. தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் அசையாமல் நிற்க, ஆயில் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஆயிலும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் தொடக்க நிலைக்குத் திரும்பும் வரை காத்திருக்கும் பொறுமை இல்லாவிட்டால், இரண்டாவது கோடு முதல் கோட்டுக்குக் கீழே விழுவதில் வியப்பில்லை. அதை வைத்துப் புதிதாகப் பூட்டிய பாகத்தைக் குறை சொல்வது தவறு.

எரிபொருள் கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கும் நாக்கிங் என்ற தட்டல் சத்தத்துக்கு இங்கே இடமே கொடுக்கக் கூடாது. பிஸ்டன் எஞ்சின் சில தட்டல்களைத் தாங்கிக்கொண்டு போய்விடும். ரோட்டரின் முனையிலிருக்கும் அபெக்ஸ் சீல், பிற்காலத்து 13பியில் வெறும் 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. டர்போ அழுத்தத்தில் ஒரே ஒரு பலமான தட்டல் அதை உடைத்துவிடலாம். உடைந்த துண்டு வெளியேறும் வழியில் டர்போவின் சக்கரத்தையும் சிதைத்துவிட்டுப் போகும். ஆகவேதான் இந்த எஞ்சினை டியூன் செய்பவர்கள் முழு பூஸ்டில் காற்று எரிபொருள் விகிதத்தை 11க்கு ஒன்று என்ற அளவில் எரிபொருள் கூடுதலாக, செழிப்பாக வைக்கிறார்கள். ட்ரெயிலிங் பொறியையும் லீடிங்குக்குச் சில டிகிரி பின்னால் தள்ளி வைக்கிறார்கள். எரிபொருளைக் குறைத்து இன்னும் பத்துக் குதிரைத்திறனைப் பிடுங்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் காரைக் கொடுக்காமல் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம். அந்த விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சாரின் கோடு இல்லாத டைனோ தாளை நான் பாதித் தாளாகவே மதிக்கிறேன்.

இத்தனை கவனத்தோடும் எடுத்த வளைகோடு எவ்வளவு பேசும் என்பதற்கு ஆர்எக்ஸ்-8இன் ஆறு போர்ட் (காற்று நுழையும் வாய்) கொண்ட ரெனிசிஸ் எஞ்சின் நல்ல எடுத்துக்காட்டு. அதன் உள்ளிழுப்பு வழிகள் படிப்படியாகத் திறக்கின்றன: ஷட்டர் வால்வு ஏறத்தாழ 3750 ஆர்.பி.எம்.மில், துணைப் போர்ட் வால்வுகள் ஏறத்தாழ 6250இல், மாறும் உள்ளிழுப்புக் குழாய் 7250ஐ ஒட்டி. வெளியீட்டு அளவுப்படி உச்ச முறுக்கு விசை 5500இல் 216 நியூட்டன் மீட்டர். 8500இல் 238 குதிரைத்திறன் என்றால் அங்கே இன்னும் 199 நியூட்டன் மீட்டர் மிச்சம் இருக்கிறது என்று பொருள். இவ்வளவு உயரத்தில் இவ்வளவு குறைவாகச் சரியும் கோடு அரிது. கரி படிந்து துணைப் போர்ட் வால்வு ஒட்டிக்கொண்ட கார் ஒன்றின் தாளைப் பார்த்திருக்கிறேன். 6000 வரை ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு கோடு மேலே ஏற மறுத்து மட்டமாகப் படுத்துவிட்டது. உச்ச எண்ணை மட்டும் கேட்டவருக்கு அது "பலவீனமான எஞ்சின்". கோட்டைப் படித்தவருக்கு, வால்வைச் சுத்தம் செய்தால் தீரக்கூடிய குறை.

இந்த 238 என்ற எண்ணுக்கே ஒரு வரலாறு உண்டு. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆர்எக்ஸ்-8 முதலில் 247 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டது; சில மாதங்களிலேயே மாஸ்டா அதை 238 என்று திருத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து காரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் முன்வந்தது. பழைய எண்ணை வைத்துக்கொண்டு தன் காரின் டைனோ தாளைக் குறைசொல்பவர்களை இன்றும் காண முடிகிறது. போதாக்குறைக்கு, சக்கரத்தில் அளந்த எண்ணை 15 விழுக்காடு உயர்த்தி "ஃப்ளைவீலில் (கியர் பெட்டிக்கு முன், எஞ்சினிலேயே) இவ்வளவு" என்று சொல்லும் பழக்கம் வேறு. கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், டயர், காரை டைனோவில் கட்டியிருக்கும் பட்டையின் இறுக்கம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் இழப்பு அது. எல்லாக் காருக்கும் ஒரே விழுக்காடு என்று வைக்க வழியே இல்லை. சக்கரத்தில் வந்ததைச் சக்கரத்து எண்ணாகவே வைத்துக்கொண்டு, அதே டைனோவில், அதே திருத்த முறையில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோடுகளின் இடைவெளியைப் பார்த்தால் போதுமானது.

ஓட்டம் முடிந்ததும் டர்போ காராக இருந்தால் சில நிமிடங்கள் ஐடிலில் விட்டு, விசிறிக் காற்றோடு குளிரவிட வேண்டும். இரவு முழுவதும் கார் உருளை மேலேயே நின்றுவிட்டால் மறுநாள் அதை இறக்கும் விதமும் முக்கியம். குளிர்ந்த ரோட்டரி எஞ்சினைக் கிளப்பிப் பத்தடி நகர்த்திவிட்டு உடனே அணைத்தால், குளிருக்கென்று கூடுதலாகத் தெளிக்கப்பட்ட பெட்ரோல் அபெக்ஸ் சீலின் மேலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும். கம்ப்ரஷன் விழுந்து எஞ்சின் மறுபடி கிளம்பாமல் அடம்பிடிக்கும். நியூட்ரலில் போட்டு ஆட்கள் தள்ளி இறக்குவது நல்லது. கிளப்பித்தான் ஆக வேண்டுமென்றால் சூட்டைக் காட்டும் முள் வழக்கமான இடத்துக்கு வரும் வரை ஓடவிட்டு, அதன் பிறகே அணைக்க வேண்டும்.