எல்லா எம்.சி.பி.யையும் இறக்கியாச்சு, அப்புறமும் ஏன் டிரிப் ஆகுது?

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டால், எந்த வீட்டில் கரண்ட் டிரிப் ஆனாலும் "ஈரம் இறங்கியிருக்கும்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதை நம்பியதில் எங்களுக்கு மூன்று வாரம் போனது, புது ஆர்.சி.சி.பி. (வீட்டுக்குள் போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் வேறுபட்டால், அதாவது எர்த்துக்குக் கசிந்தால், விழுந்து கரண்டை அறுக்கும் பெட்டி) ஒன்றுக்கு ஏறக்குறைய 2,000 ரூபாயும் போனது. கோளாறு அடுக்களைச் சுவிட்ச் போர்டில், ஒரு திருகாணி நுனியில் உட்கார்ந்திருந்தது.

அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன். பகலில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் விழும், மழை நாளில் அடிக்கடி விழும். மோட்டார் போட்டால் உடனே விழும். லைனுக்கு ஒன்றாக இருக்கும் 8 எம்.சி.பி. சுவிட்ச்சையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் தூக்கினால் சில நேரம் நிற்கும், சில நேரம் நிற்காது.

முதலில் வந்தவர் இதைப் பார்த்துத்தான் "எல்லாத்தையும் இறக்கியும் நிக்கலன்னா பெட்டிதான் போயிருக்கு அண்ணாச்சி" என்றார். 40 ஆம்ப், 30 மில்லிஆம்ப் கசிவு அளவில் புதியது மாட்டினோம். அன்று ராத்திரியே விழுந்தது. முடுக்கிக் கழற்றிய தடம் இருக்கும் சாமானைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். மோட்டாரைக் கழற்றித் தென்காசிக்குத் தூக்கிப் போனதில் ஒரு நாள் வீண். காயில் நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவதாக வந்தவர் ஆர்.சி.சி.பி.யின் மேல் முனையையும் கீழ் முனையையும் ரெண்டு துண்டு வயரால் சேர்த்துவிட்டு, "இனி டிரிப் ஆகாது பாருங்க" என்றார். ஆகாதுதான். குளியலறையில் ஷாக் அடித்தாலும் ஆகாது. அந்த ஜம்பரை அவர் தெரு முனை தாண்டுவதற்குள் கழற்றியாயிற்று. 30-க்குப் பதில் 100 மில்லிஆம்ப் போடுங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. டிரிப் குறையும், ஆனால் ஆளைக் காப்பாற்றும் அளவு 30தான்.

எல்லாரும் தவறவிடும் இடம் எது என்றால், வீட்டு டி.பி.யில் (இவையெல்லாம் மாட்டியிருக்கும் மெயின் பெட்டியில்) இருக்கும் எம்.சி.பி. பெரும்பாலும் சிங்கிள் போல். அதை இறக்கினால் பேஸ் மட்டும்தான் அறுபடும். நியூட்ரலான கறுப்பு வயர்கள் எல்லாம், அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் நியூட்ரல் லிங்க்கில் முடுக்கியபடியே, ஆர்.சி.சி.பி.யோடு சேர்ந்தே இருக்கும். அதில் ஒன்று எங்கேயாவது எர்த்தைத் தொட்டால், எம்.சி.பி.யை இறக்கி ஒரு பயனும் இல்லை.

சாயங்காலம் மட்டும் ஏன்? தெருவில் லோடு ஏறும்போது நியூட்ரலிலும் ஓரிரு வோல்ட் ஏறும். அதனால் வயர் எர்த்தைத் தொட்ட இடம் வழியாகக் கரண்ட் எர்த் குழிக்கு ஓடும். கணக்கும் எளிது: நியூட்ரலில் 0.8 வோல்ட், மண் வழித் தடை 80 ஓம் என்றால் 10 மில்லிஆம்ப், ஆர்.சி.சி.பி. நிற்கும். மழையில் குழி நனைந்து தடை 40 ஓமுக்கு இறங்கினால் 20 மில்லிஆம்ப். 30 என்று எழுதியிருக்கும் பெட்டி 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். ஆக மழைக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் எல்லாரும் தேடிய இடத்தில் இல்லை. மோட்டார் ஓடும்போது திரும்பி வரும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியே பிரிந்துவிடும். பாவம், பழி அதன் மேல் விழுந்தது.

ஆர்.சி.சி.பி. நல்லதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். மெயினை (இன்வெர்ட்டர் இருந்தால் அதையும்) அணைத்து, ஆர்.சி.சி.பி.யிலிருந்து வீட்டுக்குப் போகும் ரெண்டு வயரையும் கழற்றி, நுனிகளுக்கு டேப் சுற்றி, மறுபடி மெயினைப் போட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். நின்று, 'T' (டெஸ்ட்) பட்டனை அழுத்தினால் விழுந்தால், அதை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் டிரிப் சாயங்கால டிரிப் என்பதால் இதை ஏழரை மணிக்குச் செய்தோம். பழையது, புதியது இரண்டுமே நின்றன.

அடுத்து நியூட்ரல் லிங்க். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை அணைத்தாலும் வயரில் உயிர் இருக்கும். அதையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் விடுங்கள், பக்கத்தில் நின்று இப்படித்தான் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு கறுப்பு வயரிலும் டேப் ஒட்டி நம்பர் போட்டபின் எல்லாவற்றையும் உருவி, ஒவ்வொன்றையும் எர்த் பட்டையோடு மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். ஏழு வயர் சும்மா இருந்தன. ஐந்தாம் நம்பரில் மீட்டர் கத்தியது, 2 ஓம்.

அந்த லைனில் எட்டு போர்டு. வரிசையாகத் திறக்காமல் நடு ஜங்ஷன் பாக்ஸில் பிரித்து, எந்தப் பாதி கத்துகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் மூன்று முறையில் ஆள் சிக்கிவிடுவார். பழைய மரப்பெட்டி போர்டை எடுத்துவிட்டு இரும்புப் பெட்டியில் மாடுலர் பிளேட் மாட்டியபோது நீளத் திருகாணி போட்டிருக்கிறார்கள். நுனி கறுப்பு வயரின் தோலைக் கிழித்துச் செம்பைக் கடித்திருந்தது. பெட்டிக்கு முறையாக எர்த் கொடுத்திருந்ததால் சுற்று முழுமை. வயரை வெட்டிச் சேர்த்து, குட்டைத் திருகாணி போட்டதும் மீட்டர் அமைதி.

நாலு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் காலையில் குளிக்கும் நேரத்தில் மறுபடி விழுந்தது. இது வேறு கோளாறு, பேஸிலிருந்து எர்த்துக்கு. இந்த இடத்தில் மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதற்குள் இருப்பது சின்ன பேட்டரி, ஈரக் கசிவு அதில் நழுவிவிடும். 500 வோல்ட் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் மெகர் மீட்டர் வேண்டும். வயரிங்கை மெகர் செய்வதற்கு முன் எல்லா பிளக்கையும் உருவி, இன்வெர்ட்டர், ஆர்.சி.சி.பி. இரண்டையும் லைனிலிருந்து விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கெடுதல் அவற்றுக்கு. வயரிங் 1 மெகாஓமுக்கு மேல் காட்டினால் போதும். எங்களுடையது 200-ஐத் தாண்டியது.

கீசர் பிளக்கின் பேஸ், நியூட்ரல் பின்களைச் சேர்த்து எர்த் பின்னோடு பார்த்தால் 0.02 மெகாஓம். 230 வோல்ட்டில் அது 11.5 மில்லிஆம்ப். தனியாக விழவைக்காது. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கசியவிடும். கூட்டு 15-ஐத் தாண்டியதும் தீர்ந்தது கதை. காயிலில் உப்பு படிந்து மேலுறையில் ஊசிமுனை ஓட்டை. காயில் மாற்றும்போது ரப்பர் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள். பழையதையே போட்டால் தண்ணீர் கசிந்து முனைகளில் இறங்கும், அப்புறம் அடுத்த சாரலுக்கு இதே பஞ்சாயத்து.

'போயிருச்சு' என்று கழற்றிய பழைய ஆர்.சி.சி.பி. இப்போது மோட்டார் அறையில், மாதம் ஒருமுறை 'T' அழுத்தும்போது ஒழுங்காக விழுகிறது.