கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?

ரத்தம் எடுப்பதற்கு முன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதினொரு வருடமாக லேப் டெக்னீஷியன் வேலை, அதில் வருடத்துக்கு மூன்று நான்கு மாதம் சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி பக்கம் ஐடி கம்பெனிகளில் ஹெல்த் செக்கப் கேம்ப். ஆரம்பத்தில் இந்தக் கேள்விக்கு "நேத்து ராத்திரி எட்டரைக்கு சிஸ்டர்" என்று பதில் வரும். இப்போது இருபத்துநான்கு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் "ஒரு மணி இருக்கும்" என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். ராத்திரி ஒரு மணி. நமக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு மணி நேர வெறும் வயிறு, அதனால் பாதிப் பேரை இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வருடம் ஒரு தம்பி வந்தான். ஒல்லி உடம்பு, 25 வயது, "ஒன்பதுக்கே சாப்பிட்டேன் அக்கா" என்றான். எடுத்து வந்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றினேன். சுற்றி முடித்தால் ரத்த அணுக்கள் கீழே தங்கி, மேலே சீரம் வெளிர் மஞ்சளில் தெளிவாக நிற்க வேண்டும். அவன் டியூபில் தேங்காய்ப்பால் மாதிரி நின்றது. பின்னால் விரலை வைத்துப் பார்த்தேன், விரல் தெரியவில்லை. ரத்தத்தில் அவ்வளவு கொழுப்பு.

போன் செய்து கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டான். ஷிப்ட் முடிய ராத்திரி பதினொன்று, கேப் ஒவ்வொருவராக இறக்கிவிட்டு இவன் ஹாஸ்டலுக்கு வர பன்னிரண்டரை, மெஸ் பத்துக்கே மூடிவிடும், தெருமுனையில் திறந்திருப்பது பரோட்டாக் கடை ஒன்றுதான். மூன்று பரோட்டா, சால்னா, ஒரு கூல் டிரிங்க்ஸ். வாரத்தில் ஐந்து நாள் இப்படி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு நீளம் என்று பெரியவர்கள் பேசும்போது எனக்குக் கோபம் வரும். அந்த நேரத்தில் அவனுக்கு இட்லி யார் வைத்திருக்கிறார்கள்?

சரி, நான்கு நாள் கழித்து சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் வந்தான். அப்போதும் ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 412, இருக்க வேண்டியது 150-க்குக் கீழே. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2. 5.7-லிருந்து 6.4 வரை பார்டர், 6.5 வந்தால் சுகர்தான்.

"நான் குண்டா இல்லையே அக்கா, எண்ணெய்ப் பலகாரம்கூட தொட மாட்டேனே" என்றான். ரிப்போர்ட்டை விளக்குவது டாக்டர் வேலை, டாக்டரிடம்தான் அனுப்பினேன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ட்ரைகிளிசரைடு ஏற எண்ணெய் மட்டும் காரணமில்லை தம்பி, மைதாவும் சர்க்கரையும் தேவைக்கு மேல் போனால் ஈரலே அதைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விட்டுவிடும் என்றேன். சாதாரண கோலா 300 மில்லியில் கிட்டத்தட்ட 30 கிராம் சர்க்கரை, ஆறு டீஸ்பூன். நம் ஊர் உடம்புக்கு ஒல்லி என்பது காவல் இல்லை. கை கால் மெலிந்திருக்கும், வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும். அதனால்தான் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று இடுப்புச் சுற்றளவை நாங்கள் டேப் வைத்து அளக்கிறோம்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வருடக் கணக்கு. சுகரைக் கவனிக்காமல் விட்டால் கண்ணும் கிட்னியும் கெட பத்துப் பதினைந்து வருடம் ஆகலாம். அப்பாவுக்கு ஐம்பதில் வந்தது அறுபத்தைந்தில் தொந்தரவு கொடுக்கும். மகனுக்கு இருபத்தைந்திலேயே வந்தால்? நாற்பதில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது. 2023-இல் வந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சுகர், 13.6 கோடிப் பேர் பார்டரில் என்று சொன்னது. பார்டரில் இருப்பவர்கள் திரும்பி வர முடியும் என்பதுதான் நான் பிடித்துக்கொள்ளும் ஒரே ஆறுதல்.

அப்புறம், என்னை உறுத்திக்கொண்டிருந்த இன்னொரு விஷயம். ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு கேம்பிலேயே டிபன் கூப்பன் கொடுப்பார்கள்: பூரி, கேசரி, சர்க்கரை போட்ட பாக்கெட் ஜூஸ். போன வருடம் துணிந்து ஹெச்ஆர் மேடத்திடம் பேசினேன். டிபனோடு, ராத்திரி ஷிப்ட் முடிகிறவர்களுக்கு கேன்டீனில் பத்து மணிக்குள் சாப்பாடு கிடைக்கும்படி செய்ய முடியுமா என்றும் கேட்டேன். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இந்த வருடம் போனபோது இட்லி, சாம்பார், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் இருந்தது. கேசரி இல்லை. கேன்டீன் இன்னும் ஒன்பதுக்கே மூடுகிறது. அந்தத் தம்பி வரிசையில் நின்றிருந்தான், நான் கேட்பதற்கு முன்பே, "ஏழரைக்கு அக்கா, ஆபீஸ்லயே, டப்பாவுல கொண்டுவந்து" என்று சட்டைக் கையை மடித்தான். ஹெச்பிஏ1சி 5.9. இன்னும் பார்டர்தான். சீரம் தெளிவாக இருந்தது.