மெர்சி கரையில் ஒரு கோடை: எவர்டன் நாட்குறிப்பு

ஜூன் 16, 2025, திங்கள்

கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் காலமான டிரான்ஸ்ஃபர் விண்டோ இன்று மறுபடி திறந்தது. கிளப் உலகக் கோப்பைக்காக ஜூன் 1 முதல் 10 வரை ஒரு தடவை திறந்து மூடினார்கள். இனி செப்டம்பர் 1 மாலை 7 மணி வரை ஓடும்.

லிவர்பூல் நகரக் கால்பந்துக் கிளப்பான எவர்டனுக்கு இது சாதாரணக் கோடை இல்லை. 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க்கில் ஆடவர் அணியின் கடைசி ஆட்டம் மே 18 அன்று முடிந்தது. சவுத்தாம்ப்டனை 2-0 என வென்றார்கள், இரண்டு கோலும் இலிமான் என்ஜாய் அடித்தவை. அடுத்த சீசன் பிராம்லி-மூர் டாக் என்ற பழைய கப்பல்துறையில் எழுந்திருக்கும் ஹில் டிக்கின்சன் ஸ்டேடியத்தில். 40,000-க்குச் சற்றுக் குறைவான இடத்திலிருந்து 52,769 இருக்கைக்குப் போகிறார்கள். முதலாளியும் புதுசு: பிரீட்கின் குழுமம் 2024 டிசம்பரில் வாங்கியது.

“ஸ்டேடியமும் வந்தாச்சு, முதலாளியும் வந்தாச்சு, இனி அள்ளி இறைப்பார்கள்” என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. ஸ்டேடியப் பணமும் ஆட்டக்காரர் பணமும் ஒரே பெட்டியில் இல்லை. பிரீமியர் லீக்கின் லாப நட்ட விதியான பிஎஸ்ஆர்படி, மூன்று ஆண்டுகளில் ஒரு கிளப் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்ட்தான் நட்டம் காட்டலாம். அதிலும் 1.5 கோடிக்கு மேற்பட்ட நட்டத்தை முதலாளி தன் கைப்பணத்தைப் பங்குமுதலாகப் போட்டு ஈடுகட்ட வேண்டும். ஸ்டேடியத்தின் தேய்மானம், அகாடமி, பெண்கள் அணி, ஊர்ப்பணி ஆகிய செலவுகளைக் கழித்துவிட்டுத்தான் நட்டத்தை அளப்பார்கள். அதனால் 70 கோடிக்கும் மேல் விழுங்கிய ஸ்டேடியத்தைக் கட்டினாலும் விதி கேட்காது. ஸ்ட்ரைக்கர் ஒருவரைக் கூடுதலாக வாங்கினால் கேட்கும்.

இந்த விதியில் கை சுட்டுக்கொண்ட கிளப் இது. 2021-22 வரையிலான மூன்றாண்டுக் கணக்கில் வரம்பை 1.95 கோடி தாண்டியதற்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகளை வெட்டினார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆனது. அடுத்த கணக்குக்காக 2024 ஏப்ரலில் இன்னும் 2 புள்ளிகள் போயின. ஸ்டேடியம் சார்ந்த கடன் வட்டியைக் காட்டி எவர்டன் கேட்ட சலுகையை ஆணையம் ஏற்கவில்லை. எந்தக் கடன் எந்தச் செலவுக்கு என்பது வாங்கும்போதே எழுத்தில் இருக்க வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

கணக்கு ஆண்டு முடியும் நாள். ஆட்டக்காரர் ஒப்பந்தங்களும் இன்றைக்குத்தான் முடிகின்றன. டுகூரே, ஆஷ்லி யங், கால்வர்ட்-லூவின் ஆகியோரின் ஒப்பந்தங்கள் இன்றோடு தீர்கின்றன. லோனில், அதாவது தற்காலிகமாக, வந்தவர்களும் திரும்புகிறார்கள். கால்வர்ட்-லூவினை 2016-ல் ஷெஃபீல்ட் யுனைடெட்டிலிருந்து 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். இன்று சும்மா போனால் விற்பனை லாபம் பூஜ்யம். மிச்சமாவது சம்பளம் மட்டும்தான்.

ஜூன் கடைசி வாரத்தில் ஏன் இவ்வளவு விற்பனை நடக்கிறது என்பதை இப்படிப் பார்க்கலாம். அகாடமிப் பையனை 1 கோடிக்கு விற்றால் அந்த 1 கோடியும் இந்த ஆண்டே லாபம். அதே 1 கோடிக்கு ஒருவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், தொகையை ஐந்தாண்டுக்குப் பிரித்து எழுதுவதால் ஆண்டுக்கு 20 லட்சம்தான் செலவு. போன வருஷம் இதே வாரத்தில் எவர்டனின் லூயிஸ் டாபின் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார், வில்லாவின் டிம் இரோக்பூனம் எவர்டனுக்கு வந்தார். இரண்டு கிளப்புக்கும் கணக்கு நேரானது.

ஜூலை 3, வியாழன்

பெண்கள் அணியை எவர்டன் தன் தாய் நிறுவனத்துக்கே விற்றிருக்கிறது. செல்சி போன வருஷம் செய்ததன் மறுபதிப்பு. விதியில் இடம் இருக்கிறது, ஆனால் இது பிஎஸ்ஆர் கணக்கில் ஒரே தடவை கிடைக்கும் வரவு. அடுத்த ஆண்டு விற்க இன்னொரு பெண்கள் அணி கிடையாது. மனசுக்கு நிறைவான விஷயம், அந்தப் பெண்கள் அணிக்கே குடிசன் பார்க் சொந்த மைதானமாகிறது. இடிக்காமல் விட்டது இந்த ஆண்டில் கிளப் எடுத்த முடிவுகளிலேயே நல்லது.

ஜூலை 10, வியாழன்

ஸ்ட்ரைக்கர் தியர்னோ பாரி வந்துவிட்டார். வியாரியல் அணியிலிருந்து, சுமார் 2.7 கோடி பவுண்ட், நான்கு ஆண்டு ஒப்பந்தம்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருவதென்றால் என்னென்ன நடக்க வேண்டும் என்று தெரிந்தால் வதந்தியில் எது கனமானது என்று எடைபோடலாம். முதலில் இரண்டு கிளப்பும் தொகை, தவணை, கூடுதல் போனஸ், மறுவிற்பனைப் பங்கு எல்லாம் பேசி முடிக்க வேண்டும். பிறகு ஆட்டக்காரரின் சம்பளப் பேச்சு. அடுத்தது ஜிபிஇ, அதாவது வெளிநாட்டு ஆட்டக்காரர் இங்கிலாந்தில் ஆடுவதற்கான ஒப்புதல்: 2021 முதல் ஐரோப்பியர்களுக்கும் இது வேண்டும். தேசிய அணி ஆட்டங்கள், லீக்கின் தரம், ஆடிய நிமிடங்களை வைத்து 15 புள்ளி தேற வேண்டும். ஸ்பெயின் லீக்கான லா லிகாவில் தொடர்ந்து ஆடியவருக்கு இது பெரிய தடை இல்லை. சின்ன லீக்கில் பெஞ்சில் இருந்தவருக்கு இங்கேயே கதவு மூடிவிடலாம். அப்புறம் மருத்துவப் பரிசோதனை. இதய எக்கோ, முட்டி, கணுக்கால், இடுப்பு எம்ஆர்ஐ, தசை வலிமைச் சோதனை. பழைய முட்டி அறுவையின் தடயம் தெரிந்தால் பேரம் உடையும், அல்லது தொகை இறங்கும். கடைசியாக ஃபிஃபாவின் டிஎம்எஸ் கணினி முறையில் இரண்டு கிளப்பும் பதிகிற விவரம் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் சர்வதேசச் சான்றிதழ் வரும்.

ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதம், அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிந்து போகும். 2.7 கோடியில் அது 13.5 லட்சம். சின்ன ஊர்க் கிளப் ஒன்றுக்கு அதில் ஒரு பங்கு வந்தால் பல ஆண்டுச் செலவுக்கு ஆகும். இந்த விதியை வகுத்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

இந்த வாரமும் வதந்திக்குக் குறைவில்லை. “விசாரித்தார்கள்” என்றால் ஏஜென்டுக்கு ஒரு போன் போயிருக்கிறது. “ஆட்டக்காரர் சம்மதித்துவிட்டார்” என்றால் இன்னும் விற்கும் கிளப் சம்மதிக்கவில்லை என்று பொருள். ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருப்பவரின் பெயர் மூன்று கிளப்போடு சேர்ந்து அடிபட்டால், சொந்தக் கிளப்பில் சம்பள உயர்வு பேசிக்கொண்டிருக்கிறார் என்று முதலில் சந்தேகிக்கலாம்.

தொகையைப் பார்த்து மலைக்காமல் ஆண்டுச் செலவாக மாற்றிப் பாருங்கள். தொகையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுங்கள். ஒப்பந்தம் எத்தனை நீளமானாலும் ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்பது 2023 டிசம்பரில் பிரீமியர் லீக் எடுத்த முடிவு. அதோடு சம்பளம். வாரம் 1 லட்சம் என்றால் ஆண்டுக்கு 52 லட்சம், முதலாளி கட்டும் 15 சதவீதத் தேசியக் காப்பீட்டோடு ஏறக்குறைய 60 லட்சம்.

ஜூலை 29, செவ்வாய்

ஸ்டேடியம் எவ்வளவு சம்பாதித்துத் தரும்? கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குடிசனைவிட ஏறக்குறைய 13,000 இருக்கை அதிகம். லீக்கில் 19 வீட்டு ஆட்டம். சராசரி டிக்கெட் 40 பவுண்ட் என்று வைத்தால் 98.8 லட்சம். அதில் வாட் வரியைக் கழித்தால் சுமார் 82 லட்சம். பாரியின் ஆண்டுப் பங்கு 67.5 லட்சம். சம்பளத்தைச் சேர்த்தால் அவர் ஒருவருக்கே 13,000 இருக்கையும் பத்தாது.

சாதாரண இருக்கையால் ஸ்டேடியம் கொழிப்பதில்லை. ஹாஸ்பிட்டாலிட்டி எனும் விருந்தோடு கூடிய இருக்கை, இசை நிகழ்ச்சி, பெயர் உரிமை இவைதான் வரவு. குடிசனின் ஆட்ட நாள் வருமானம் ஆண்டுக்கு 2 கோடி பவுண்டைத் தொடவில்லை. டாட்டன்ஹாம் புது ஸ்டேடியத்தில் 10 கோடியைத் தாண்டியிருக்கிறது. ஆனால் அது லண்டன். டிக்கெட் விலையும் லண்டன் விலை. அந்த எண்ணை அப்படியே லிவர்பூலுக்குத் தூக்கிவருவது தப்பு.

டாட்டன்ஹாம் கொடுத்த விலையையும் மறக்கக்கூடாது. 2018 கோடையிலும் 2019 ஜனவரியிலும் ஒரு ஆளைக்கூட வாங்கவில்லை. பாதுகாப்பு மின்னமைப்பில் கோளாறு கண்டு, 2018 செப்டம்பரில் நடக்க வேண்டிய திறப்பு 2019 ஏப்ரல் 3 வரை தள்ளிப்போனது. திறந்த பிறகுதான் கட்டுமானக் கடனை நீண்டகாலக் கடனாக மாற்றினார்கள்: 52.5 கோடி பவுண்டுக்குப் பத்திரங்கள், சராசரி 23 ஆண்டு, வட்டி 2.66 சதவீதம். 2019-ல் கிடைத்த வட்டி அது. எவர்டன் இந்த மார்ச்சில் 35 கோடிக்கு மறுகடன் எடுத்தபோது உலக வட்டி வேறு உயரத்தில் இருந்தது. 6 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் ஆண்டுக்கு 2.1 கோடி. கட்டும்வரை வட்டியைக் கட்டடத்தின் விலையோடு சேர்த்துக்கொள்ளலாம். திறந்த நாளிலிருந்து அது வெறும் செலவு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கை இறுகத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

டியூஸ்பரி-ஹால் நேற்று செல்சியிலிருந்து வந்தார். செய்திகள் சொல்லும் தொகை 2.5 கோடி, போனஸ் தனி. ஏன் 2.5? செல்சி போன வருஷம் சுமார் 3 கோடிக்கு வாங்கியது. ஐந்தாண்டாகப் பிரித்தால் ஆண்டுக்கு 60 லட்சம். ஓராண்டு போனால் புத்தக மதிப்பு, அதாவது இன்னும் செலவாக எழுதாத மிச்சம், 2.4 கோடி. அதற்குக் கீழே விற்றால் செல்சிக்கு நட்டக் கணக்கு. இந்த ஒரு எண்ணைத் தெரிந்துவைத்திருந்தால் ஜூலை முழுக்க வந்த விலை வதந்திகளில் பாதியைப் படிக்கவே வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று ரோமாவோடு நட்பு ஆட்டம், 0-1 தோல்வி. தோல்வி முக்கியமே இல்லை. ஸ்டேடியத்துக்கு இது மூன்றாவது சோதனை. பிப்ரவரி 17-ல் 18 வயதுக்குட்பட்டோர் அணி விகனோடு ஆடியபோது சுமார் 10,000 பேர். மார்ச் 23-ல் 21 வயதுக்குட்பட்டோர் போல்டனோடு ஆடியபோது 25,000. இப்போதுதான் முதல் அணி. இப்படிப் படிப்படியாக ஏற்றிக் காட்டினால்தான் மாநகர சபை பாதுகாப்புச் சான்றிதழ் தரும். வாசல் திருப்புக் கதவுகள், கழிப்பறை வரிசை, ரேடியோத் தொடர்பு, அவசர வெளியேற்றம் எல்லாவற்றையும் ஆள் கூட்டத்தோடு பார்த்தால்தான் குறை தெரியும்.

உள்ளே பெரிய குறை இல்லை. வெளியேதான் சிக்கல். அருகில் உள்ள ரயில் நிலையம் சாண்ட்ஹில்ஸ், சின்ன நிலையம். ஆட்டம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே திரண்டால் நடைமேடை தாங்காது. அதனால் நிலையத்துக்கு வெளியே மக்களை வரிசையில் நிறுத்தி, ரயில் ரயிலாக உள்ளே விடுகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் கார் நிறுத்தவும் கட்டுப்பாடு. நகரமையத்துக்கு நடப்பதே பலருக்குச் சீக்கிரமாக இருக்கும், மெர்சி நதிக் காற்றுக்குத் தயாராகப் போனால்.

இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிராம்லி-மூர் 1848-ல் திறந்த கப்பல்துறை. தண்ணீர் நின்ற தொட்டியை நிரப்ப ஐரிஷ் கடலின் தரையிலிருந்து மணலை உறிஞ்சிக் கொண்டுவந்தார்கள், சுமார் 4.8 லட்சம் கன மீட்டர். கடல் நீரோடு குழம்பாக வரும் மணலைக் குழாய் வழியே பீய்ச்சி, தண்ணீர் வடிந்து மணல் இறுகிய பிறகே அடித்தளம் போட முடியும். பழைய கப்பல்துறைச் சுவர்களை மணலுக்கடியில் அப்படியே பாதுகாத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுமானமும் பக்கத்துத் திட்டங்களும் காரணமாக 2021-ல் லிவர்பூல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீங்கியது. அந்த இழப்பு சின்னது அல்ல. எவர்டன் முன்பு போட்ட ஸ்டேடியத் திட்டங்களில் கிங்ஸ் டாக் திட்டம் பணமில்லாமல் 2003-ல் செத்தது, கிர்க்பி திட்டத்தை 2009-ல் அரசு மறுத்தது. இரண்டு தோல்விக்குப் பிறகு எழுந்தது என்பதால்தான் அந்தத் தெற்கு ஸ்டாண்டைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது: ஒரே சரிவாக 13,000 பேர், சட்டம் அனுமதிக்கும் அளவை ஒட்டிய செங்குத்து.

ஆகஸ்ட் 13, புதன்

கிரீலிஷ் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து லோனில் வந்திருக்கிறார். ஏன் விற்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: 2021-ல் 10 கோடி, ஆறு ஆண்டு ஒப்பந்தம். நான்கு ஆண்டு கழிந்து புத்தகத்தில் மிச்சம் 3.33 கோடி. முப்பது வயதை நெருங்குபவருக்கு அந்தச் சம்பளத்தையும் சேர்த்து அவ்வளவு கொடுக்க யாரும் வரவில்லை. லோன் என்றால் சிட்டிக்கு நட்டக் கணக்கு இல்லை, எவர்டனுக்குத் தொகைச் சுமை இல்லை. லோன் முடிவில் வாங்குவது “விருப்பம்” என்று எழுதியிருந்தால் வாங்காமலும் விடலாம்; “கட்டாயம்” என்றால் லோன் என்ற பெயரில் வாங்கியதுதான். இதில் இருப்பது விருப்பம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எவர்டன் 2, பிரைட்டன் 0. புது ஸ்டேடியத்தின் முதல் லீக் ஆட்டம். குடிசனின் கடைசிக் கோலை அடித்த அதே என்ஜாய் இங்கே முதல் கோல், அடுத்தது ஜேம்ஸ் கார்னர். இரண்டுக்கும் கொடுத்தது கிரீலிஷ். பிரைட்டனின் வெல்பெக் அடித்த பெனால்டியைக் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் தடுத்தார். இன்றைக்குக் கணக்கு வேண்டாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

விண்டோ நேற்று மூடியது. மாலை 5 முதல் 7 மணிக்குள், பேரம் பேசியாயிற்று என்று காட்டும் டீல் ஷீட் அனுப்பினால் மீதிப் பத்திரங்களுக்கு 9 மணி வரை அவகாசம் உண்டு. அந்தத் தாள் ஒப்பந்தம் அல்ல, கூடுதல் நேரம் வாங்கித் தருவது மட்டும்தான். லிவர்பூலுக்குப் போக மருத்துவப் பரிசோதனை வரை முடித்த கிறிஸ்டல் பேலஸின் கெஹி கடைசியில் போகவில்லை. அவருக்கு மாற்றாக வரவேண்டியவர் வேறு கிளப்பைத் தேர்ந்தெடுத்ததும் பேலஸ் பின்வாங்கியது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் முடிந்தது.

எவர்டனுக்கு ஃபிரைபர்க்கிலிருந்து மெர்லின் ரோல், நிபந்தனையோடு வாங்கும் கட்டாயம் உள்ள லோனில். செலவில் பெரும்பகுதி அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போகும். போன வாரம் சவுத்தாம்ப்டனிலிருந்து டைலர் டிப்ளிங், சுமார் 3.5 கோடி, நான்கு ஆண்டு: ஆண்டுக்கு 87.5 லட்சம். வலது பேக், அதாவது வலப்பக்கத் தற்காப்பாளர், மட்டும் கடைசிவரை வரவில்லை. வயதாகிவிட்ட கோல்மனையும், அந்த இடத்துக்கு இழுத்துப் போடும் மத்தியத் தற்காப்பாளரையும் நம்பி ஜனவரி வரை ஓட்ட வேண்டும். இந்த விண்டோவின் உண்மையான தவறு அது.

இனி 25 பேர் பட்டியல் போக வேண்டும். உள்நாட்டில் வளராதவர் 17 பேருக்கு மேல் கூடாது, 21 வயதுக்குட்பட்டோருக்குக் கணக்கில்லை. அடுத்த வீட்டு ஆட்டம் செப்டம்பர் 13, ஆஸ்டன் வில்லாவோடு. சாண்ட்ஹில்ஸ் வரிசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அன்றைக்குப் பார்க்க வேண்டும்.