மூன்று பைட்டில் ஒரு ஸ்வரம்

பொத்தானை அழுத்தினால் கணினியில் உள்ள இசை மென்பொருளில் ஒரு ஸ்வரம் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். கையில் இருந்தது ஆர்டுயினோ ஊனோ, நாம் எழுதும் நிரலை ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை.

கணினிக்கு ஊனோ வெறும் சீரியல் போர்ட், அதாவது தரவு வரிசையாக வந்துபோகும் ஒரு வழி. மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி; அந்த மொழி பேசும் கருவியாக ஊனோ தெரியாது. அதனால் விண்டோஸில் இரண்டு சின்ன மென்பொருள்களை நடுவில் வைத்தேன். சீரியலில் வருவதை மிடியாக மாற்ற ஹேர்லெஸ் மிடி, அதை இசை மென்பொருளிடம் சேர்க்க லூப்மிடி. ஊனோவிலும் ஹேர்லெஸ் மிடியிலும் வேகம் வினாடிக்கு 115200 பிட்.

மிடியில் ஒலியே போவதில்லை, மூன்று எண்கள்தான் போகின்றன. 144 என்றால் முதல் சேனலில் ஸ்வரத்தைத் தொடங்கு. 60 என்றால் மிடில் சி, பியானோவின் நடுவில் உள்ள ஸ்வரம். மூன்றாவது, எவ்வளவு வேகமாகத் தட்டினோம் என்பது, 100 கொடுத்தேன். சத்தமே இல்லை! சீரியல் விளக்கு மட்டும் மினுங்கியது. ஒரு மாலை முழுக்க வயரைப் பிடுங்கிச் செருகினேன். தவறு வயரில் இல்லை, 'பிரிண்ட்' என்ற கட்டளையில். 144 என்ற எண்ணை அது 1, 4, 4 என்று மூன்று எழுத்தாக அனுப்புகிறது. அந்த எழுத்துகளின் மதிப்பு 49, 52, 52. மிடியில் 128க்குக் கீழே இருப்பது எதுவும் கட்டளையே ஆகாது. எண்ணை அப்படியே ஒரே பைட்டாக அனுப்பும் 'ரைட்' என்று மாற்றினேன், ஸ்வரம் வந்துவிட்டது. அந்த நிமிடத்தை மறக்க முடியாது.

ஆனால் வந்த ஸ்வரம் நிற்கவில்லை. விரலை எடுத்ததையும் நாமே சொல்ல வேண்டும்: 128, 60, 0. அப்புறம், பொத்தானின் நிலை மாறும்போது மட்டும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் லூப், அதாவது நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்வரம் போகும். பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தொடர்பு துள்ளுவதால் ஒரே அழுத்தம் இரண்டு மூன்றாகப் பதிவதும் உண்டு. ஒரு மாற்றத்துக்குப் பின் 10 மில்லிசெகண்ட் வேறு எதையும் ஏற்காதபடி செய்ததும் அது அடங்கியது.

பிறகு இன்னொரு ஆர்டுயினோ பலகையான லியோனார்டோவுக்கு மாறினேன். அதன் சிப்பிலேயே யூஎஸ்பி இருக்கிறது. மிடியூஎஸ்பி நூலகத்தைச் சேர்த்தால் கணினி அதை மிடி கருவியாகவே ஏற்றுக்கொள்கிறது. நடுவில் எந்த மென்பொருளும் வேண்டாம். அனுப்பியதும், காத்திருப்பதை உடனே வெளியே தள்ளும் 'ஃப்ளஷ்' கட்டளை கொடுக்க மட்டும் மறக்காதீர்கள்.

சரி, இன்னும் கொஞ்சம் தாமதம் தெரிந்தது. இசை மென்பொருளில் பஃபரை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, 512லிருந்து 128 ஆக்கினேன். 44100 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 44100 மாதிரிகள் என்ற கணக்கில், அது சுமார் 12 மில்லிசெகண்டிலிருந்து 3 ஆகக் குறைகிறது. இப்போது விரல் படும்போதே ஸ்வரம் எழுகிறது. மீதி ஏழு பொத்தான்களுக்கும் வயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.